கூலியில் மட்டும் ஏன் பேரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போகிறவர் வெள்ளி விலையில் பேரம் பேசுவதில்லை. அது அன்றைய விலை. பேரமெல்லாம் கூலியிலும் சேதாரத்திலும்தான். வெள்ளிக்கு விலை உண்டு, கைக்கு இல்லை என்று வாங்குகிறவர் நினைத்தால் போகட்டும். வேலை செய்கிறவரே அப்படி நினைப்பதுதான் சிக்கல்.

வீட்டில் ஆரி வேலை, அதாவது ஜாக்கெட்டில் கை எம்பிராய்டரி, செய்யும் பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஜாக்கெட்டுக்கு இரண்டு கை, பின்கழுத்து என 14 மணி நேரம் பிடிக்கும். நூல், பாசி, ஜர்தோசி 450 ரூபாய். கேட்பதோ 1,800. போட்டி அதிகம் என்கிறார்கள். அது பாதி உண்மை. 'இவ்வளவு கொடுத்து நானே போட்டுக்க மாட்டேனே' என்று தன் பர்ஸை வைத்து அடுத்தவர் பர்ஸை அளப்பதுதான் மீதி.

மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி. அதில் ஊசி பிடிப்பது 120தான். பாசி வாங்க அலைவது, அளவெடுப்பது, வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்புவது என்று 80 மணி போய்விடும். அதை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை. தன் சம்பளம் 18,000, வாடகை, கரண்ட், போன், ரிப்பேர் 6,000 என்று வையுங்கள். 24,000-ஐ 120 ஆல் வகுத்தால் மணிக்கு 200. ஜாக்கெட்டுக்குக் கூலி 2,800, சாமான் 450, ஆக 3,250. அதையே 1,800-க்குச் செய்தால் சாமான் போக மணிக்கு 96. அதிலும் 50 வாடகை, கரண்ட் செலவுக்குப் (6,000-ஐ 120 ஆல் வகுத்தது) போய்விடும். கையில் நிற்பது 46 ரூபாய்! லோகோ வரைபவருக்கும் கல்யாண போட்டோ எடுப்பவருக்கும் இதே கணக்குதான்.

'3,250 ஆகும்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஆனால் 'நீங்க பார்த்துக் குடுங்கக்கா' என்று, எதிராளி வாய் திறக்கும் முன்பே இறங்கிவிடுகிறார்கள். குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள்: பின்கழுத்துக்கு 5 மணி என்றால் அதை விட்டுவிட்டு 1,000 கழிக்கலாம். அதே வேலைக்கு விலையை மட்டும் இறக்கினால் முதலில் சொன்னது பொய் விலை என்றாகிவிடும். பாதி முன்பணம், திருத்தம் இரண்டு முறை என்பதை எழுதியே அனுப்புங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்குப் புது விலை என்று, வேலை குறைவாக இருக்கும் ஆடியிலேயே சொல்லிவிடலாம்.

கடைகளுக்குச் செய்து கொடுப்பவர்கள் பாக்கி கேட்கவே கூச்சப்படுகிறார்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிந்த குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் (பேங்க் ரேட்) மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி.

தையல், ஆரி பயிற்சி நடத்துவோர் கடைசி நாளில் ஒரு மணி நேரமாவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

– சிறுதொழில் கணக்கர், அம்மாபேட்டை, சேலம்