அந்தப் பிளக்கை வெட்டாதீர்கள்

ஜப்பானிலிருந்து பாவித்த மின்கருவிகளை இறக்கி இலங்கையில் விற்கும் வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். அங்கே 100 வோல்ட், இங்கே 230 என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், தட்டையான இரட்டைப் பின் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக்கைப் பூட்டி விற்கிறீர்கள். வாங்கியவர் நேரே சுவரில் செருகுவதைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பழைய பிளக் ஒன்றுதான்.

இரும்பு வெட்டும் 100 மில்லிமீற்றர் கிரைண்டரையே பாருங்கள். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று ஓடும். அதில் பூட்டும் கட்டிங் டிஸ்கில் 15,300 அளவில் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். இதிலுள்ள கார்பன் பிரஷ் மோட்டார் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பார்ப்பதில்லை. வோல்ட் ஏறினால் வேகமும் ஏறும். 230இல் சுவிட்சை அழுத்தினால், கொயில் புகைவதற்கு முன்பே டிஸ்க் எல்லை தாண்டிச் சிதறலாம். 13 ஆம்பியர் பியூஸ் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. எரிந்த கொயிலை ரீவைண்டிங் செய்யலாம். கண்ணை?

டிரான்ஸ்போமர் தருகிறோமே என்பீர்கள். 10 ஆம்பியர் கருவிக்குக் கணக்கு 1000 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது). கிளம்பும்போது இழுப்பதற்கும் சேர்த்து 1500 ஆவது வேண்டும். கூடவே தள்ளிவிடும் 300 வாட் பெட்டி ரேடியோவுக்குத்தான் ஆகும். அதுவும் ஒற்றைச் சுற்று ஓட்டோ டிரான்ஸ்போமர் என்றால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பிச் சுற்று அறுந்ததும் 230க்குக் கிட்டவே கருவிக்குப் போய்விடும். தனித்தனிச் சுற்று உள்ளதைக் கொடுங்கள்.

பிரஷ் இல்லாத கம்பிரசர், பெஞ்ச் டிரில் வேறு கதை. ஒசாக்கா பக்கம் 60 ஹெர்ட்ஸ், டோக்கியோ பக்கம் 50. கருவியின் விவரத் தகட்டில் 50/60 என்றிருந்தால் கவலையில்லை. 60 மட்டும் இருந்தால் இலங்கையின் 50 ஹெர்ட்ஸில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். சரியாக 100 வோல்ட் கொடுத்தாலும் மோட்டார் சூடேறும், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸில் அதற்கு 83 வோல்ட்தான் பொருத்தம்.

இதையெல்லாம் வாங்குபவர் தகட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் ‘ஜப்பான் ஒரிஜினல்’ ஸ்டிக்கரையும் விலைச்சீட்டையும் ஒட்ட அந்தத் தகட்டை விட்டால் உங்களுக்கு வேறு இடம் கிடைப்பதில்லை. மஞ்சள் நிறக் கருவியில் அத்தனை இடமிருந்தும்!

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: பழைய பிளக்கை அப்படியே விடுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வயரில் கட்டுங்கள். ஏற்கெனவே பிளக் மாற்றிய கருவிகள் கடையில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அலமாரியிலிருந்து இறக்குங்கள்.