கயல்விழிக்கு, குழந்தையின் உறக்கம் பற்றி

அன்பு மகள் கயல்விழிக்கு, அம்மா எழுதுவது.

குழந்தையை உன் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது என்று ஆக்லாந்து மருத்துவச்சி சொன்னதற்கு நீ மனம் நொந்து பேசியது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன்னையும் தம்பியையும் நான் பக்கத்தில் போட்டுத்தான் வளர்த்தேன். ஆனால் அது தரையில் விரித்த கோரைப்பாய். மெத்தையும் தலையணையும் கனத்த போர்வையும் உள்ள கட்டிலில் பிள்ளையின் முகம் புதைந்து மூச்சு முட்டிவிடும், கண்ணு.

ஹாங்காங்கில், நெருக்கமான வீடுகளில் மல்லாந்து உறங்கிய குழந்தைகளிடையே தொட்டில் மரணம், அதாவது நன்றாயிருந்த குழந்தை உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவது, அரிதாக இருந்ததை டேவிஸ் என்ற மருத்துவர் 1985இல் எழுதினார். மேலை நாடுகளிலோ, குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று மருத்துவர்களே பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். நீ இருக்கும் நியூசிலாந்து 1991இல் அதற்கு எதிராகப் பிரசாரம் தொடங்கியபின் சாவுகள் வேகமாகக் குறைந்தன. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்களில் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கர்ப்பகாலத்தில் தாய் புகைபிடித்திருந்து, குழந்தையும் பெரியவர்களின் படுக்கையிலேயே உறங்கினால் ஆபத்து பன்மடங்காகிறது. ஆனாலும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளையை அணைத்தே உறங்கியவர்களிடம் "தள்ளிப் படுக்க வை" என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்?

2006இல் டேவிட் டிப்பெனே-லீச் என்ற மாவோரி மருத்துவர், பின்னல் கலைஞர்களோடு சேர்ந்து, ஹரகெகே என்ற செடியின் இலைக் கீற்றுகளால் முடைந்த வஹகுரா என்னும் கூடைத் தொட்டிலைப் பரப்பத் தொடங்கினார். அதைத் தாயின் படுக்கைமேலேயே வைக்கலாம். கை நீட்டினால் பிள்ளை, ஆனால் அதன் படுக்கை தனி. பின்னர் நடந்த ஆய்வொன்றில், வஹகுரா பெற்ற தாய்மாரிடையே ஆறாம் மாதத்தில் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தவர்கள், தனித் தொட்டில் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஒரு மக்களின் வழக்கத்தைப் பழிக்காமல், அதற்குள்ளேயே பாதுகாப்பை வைத்திருக்கிறார்கள்.

அதனால் உன் மருத்துவச்சியிடம் கோபப்படாமல், வஹகுரா எங்கே கிடைக்கும் என்று கேள். சமமான உறுதியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வை, தலையணை வேண்டாம். நான் ஊரிலிருந்து தூளிச் சேலை கொண்டு வருவதாகச் சொன்னேனே, அதை இப்போதைக்கு மறந்துவிடு. தூளியில் பச்சிளம் பிள்ளையின் தலை முன்னால் மடிந்து தாடை நெஞ்சில் அழுந்தும், அந்த வயதில் அது மூச்சை அடைக்கும். சோபாவில் பால் கொடுத்தபடியே நீ கண்ணயர்ந்துவிடாதே, அது கட்டிலைவிடவும் ஆபத்து. மாப்பிள்ளை சிகரெட்டை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாக அவரிடம் சொல்.

அன்புடன்,
அம்மா