டிரிக்கர் விரல் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டி முடிவை நீ சொல்லாததால், தம்பி எடுத்துத் தந்த பட்டியலில் நானே பார்த்துக்கொண்டேன். நிதானச் சுற்றில் 300க்கு 289 எடுத்ததைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லியாயிற்று. வேகச் சுற்றின் 271ஐச் சொல்லவில்லை.

முன்பு நீ அனுப்பிய இலக்குத் திரையின் படத்தில் வேகச் சுற்றுக் குண்டுகள் ஏழு மணிப் பக்கமாக, இடப்புறம் கீழிறங்கியிருந்தன. வலக்கையால் சுடுபவருக்கு அப்படி விழுந்தால் முதலில் கையைத்தான் பார்க்க வேண்டும். ஆட்காட்டி விரல் அழுத்தும்போது மற்ற மூன்று விரல்களும் கூடவே இறுகும், அல்லது வெடிக்கப் போகிறது என்று மணிக்கட்டு முன்கூட்டியே குனியும். ஆயுதப்படையில் நான் பயிற்சி கொடுத்த காலத்தில், புதிதாக வந்த பிள்ளைகள் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் முழுக்கையையும் இறுக்குவார்கள். நீ அந்த நிலையைக் கடந்து எத்தனையோ காலம் ஆயிற்றே. இப்போது ஏன் திரும்பி வந்தது?

விரல் மட்டும் அசைய வேண்டும். பச்சை விளக்கு எரியும் 3 நொடிக்குள் கையைத் தூக்கி, குறி பார்த்து, அதன் பிறகு டிரிக்கரைத் தேடினால் வெடுக்கென்று இழுக்கத்தான் நேரமிருக்கும். கை எழும்போதே டிரிக்கரின் முதல் கட்டத்தை, அந்த லேசான இழுப்பை, எடுத்துவிடு. குழல் முனையிலுள்ள முன் சைட் இலக்குக்குள் நுழையும்போது, டிரிக்கர் விழத் தேவையான அந்த 1000 கிராம் அழுத்தத்தில் பெரும்பகுதி விரலில் ஏறியிருக்கட்டும். சைட் சற்று ஆடினாலும் அழுத்தத்தை நிறுத்தாதே. ஆட்டத்தால் போகும் புள்ளியைவிட, "இப்போது" என்று இழுப்பதால் போகும் புள்ளி அதிகம். விரல் நுனிச்சதை, நேர் பின்னோக்கி, விரல் மட்டும்.

இரவில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாமல் பழகு. இலக்கு இல்லாதபோது கண் முன் சைட்டிலேயே நிற்கும். டிரிக்கர் விழும் நொடியில் அது அசைகிறதா என்பது தெரிந்துவிடும். பிஸ்டலின் குண்டறை காலி என்பதை இருமுறை பார். குண்டில்லாமல் பழகுவதற்கென்று அதிலுள்ள டிரை ஃபயர் அமைப்பையும் போட்டுக்கொள். பாயிண்ட் 22 பிஸ்டலில் குண்டறை வெறுமையாக இருக்கச் சுட்டால், குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி குண்டறையின் விளிம்பில் மோதக்கூடும். ரேஞ்சில் உன் அறைத் தோழியிடம் சொல்லி, உனக்குத் தெரியாமல் மேகசினில் ஒரு டம்மி குண்டைக் கலக்கச் சொல். வெடிக்காத அந்த ஒரு முறையில் குழல் முனை குனிந்தால், எந்தப் பயிற்சியாளரும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வலிக்கிற கையும் இப்படித்தான் இறுகும். பொதுவாகச் சொல்கிறேன். 2018 ஆசியப் போட்டியில் இதே 25 மீட்டரில் தங்கம் வென்ற ராஹி சர்னோபத், அதற்கு முன் முழங்கைக் காயத்தால் ஒதுங்கியிருந்தவர்தான். ஒதுங்கியதால் அவருக்குக் கேவலம் எதுவும் வந்துவிடவில்லை. தேர்வுச் சுற்று நெருங்குகிறது, இப்போது வாய் திறந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. நீ அப்படி நினைக்க மாட்டாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை, தைலம் அனுப்பியிருக்கிறாள்.

விரல் மட்டும் அசையட்டும், மறவாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது போனை வலக்கையில் பிடித்துக்கொண்டு பேசு. மூன்று வாரமாக இடக்கையில்தான் பிடிக்கிறாய்.

அப்பா