பதினொரு நாட்காட்டித் தாள்கள்

என் புத்தகத்துக்கான குறிப்பேடு இருந்த பை தொலைந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. இத்தாலியப் படகுப் போட்டி வீரர் ஜுசெப்பே சினிகாலியாவைப் பற்றிய குறிப்புகளில் முக்கால்வாசி மீண்டும் சேர்ந்துவிட்டன. அதைச் சொல்லவும் நன்றி கூறவும்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரை நான் சந்தித்ததே இரண்டு முறைதான். செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. மறுவாரம் என் விடுதிக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே பழைய நாட்காட்டித் தாள்கள் பதினொன்று. சினிகாலியாவைப் பற்றித் தாம் சேர்த்து வைத்திருந்த செய்தித்தாள் நறுக்குகளைப் பார்த்து, பின்பக்கம் முழுக்க நீல மையில் கைப்பட எழுதியிருந்தார். கை நடுங்கும் மனிதர். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் நகமளவு. ஆண்டுகளுக்குக் கீழே மட்டும் இரட்டைக் கோடு.

1911: சொந்த ஊரான கோமோவிலேயே ஒற்றையர் படகில் ஐரோப்பிய சாம்பியன். 1914 ஜூலை: இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் ஒற்றையருக்கான டைமண்ட் ஸ்கல்ஸ் கோப்பை, இத்தாலியர் ஒருவருக்கு முதல் முறையாக. முதல் உலகப் போரைக் கிளப்பிவிட்ட துப்பாக்கி சரயேவோவில் வெடித்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 1916 ஆகஸ்ட் என்ற இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. மோன்ட்டே சான் மிக்கேலே போர்முனையில் காயம்பட்டு சினிகாலியா இறந்தபோது வயது 32.

பை போனபோது அழாத நான் அந்தக் கிழிசலைப் பார்த்து அழுதுவிட்டேன். என் குறிப்பேட்டில் அந்த மரணம் ஒற்றை வரி. எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். நூறாண்டு கழித்தும் ஒரு கை அங்கே நின்று தயங்கியிருக்கிறது.

படங்கள் தேடி அனுப்பியவர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், இரவெல்லாம் விழித்து மொழிபெயர்த்துத் தந்த மாணவி, அறை வாடகையைத் தள்ளி வைத்த விடுதிக்கார அம்மா, எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுதுவேன்.

ஏரிக்கரையில் 1927இல் திறந்த விளையாட்டரங்கம் சினிகாலியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று அங்கே கால்பந்து நடக்கிறது. அதற்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கொட்டகைக்குப் புத்தகத்தின் முதல் பிரதியை நானே எடுத்துப் போவேன். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆண்டுகள் இலக்கத்தில் இருக்கும். அவற்றின் கீழே என் கையால் இரட்டைக் கோடு போட்டுக் கொடுப்பேன்.