விரலின் தயக்கமும் வேலை வாய்ப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நிறப் பாகுபாடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நமக்கே தெரியாமல் மனதில் இருக்கும் சாய்வை அளக்க முயலும் 'மறைமுகத் தொடர்புச் சோதனை'யும் கூடவே வருகிறது. 1998-இல் உளவியலாளர் அந்தோணி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை இது. செகந்திராபாத்தில் பிறந்த உளவியலாளர் மஹ்சரின் பனாஜிக்கும் இதை வளர்த்ததில் பெரும் பங்கு உண்டு.

கணினித் திரையில் ஒரு முகம் வரும், அப்புறம் ஒரு சொல். வெள்ளையர் முகமோ நல்ல சொல்லோ வந்தால் ஒரு விசை; கறுப்பர் முகமோ கெட்ட சொல்லோ வந்தால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஜோடியை மாற்றிவிடுவார்கள். கறுப்பர் முகமும் 'மகிழ்ச்சி'யும் ஒரே விசைக்கு வந்ததும் பலருக்கு விரல் தயங்குகிறது. மில்லி வினாடிக் கணக்கில் அந்தத் தயக்கம்தான் மதிப்பெண். கறுப்பினத்தவரிலேயே கணிசமானோருக்கு வெள்ளையர் பக்கம் சாய்வு தெரிகிறது என்பது என்னை உலுக்கிய செய்தி.

சரி, எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். ஆனால் ஒரே ஆளுக்கு இன்று ஒரு மதிப்பெண், அடுத்த வாரம் வேறொன்று வரலாம். இதை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதோ மறுப்பதோ அநியாயம்.

2018-இல் பிலடெல்பியா நகரின் ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. அதற்காக அமெரிக்காவில் சுமார் 8,000 கடைகளை ஒரு பிற்பகல் மூடி, ஊழியர்களுக்கு நிறப் பாகுபாடு பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிற்பகல் எந்த மூலைக்கு? எந்தக் கடையில், யார் மீது, எதற்காகப் போலீஸை அழைத்தார்கள் என்ற கணக்கை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

– வாசகர், கோவை