அந்த 41ஐ நம்ப வேண்டாம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணன் டெங்குவிலிருந்து தேறி எழுந்து நடமாடுகிறார், ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு அடித்த அடியைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். பிளேட்லெட் 22,000 என்று நீ போனில் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாகப் பதில் எழுதுகிறேன். "காய்ச்சலால ஒரு நல்லதும் நடந்திருக்கு, எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 41க்கு இறங்கிருச்சு, இனி அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டாம்னு விட்டுட்டார்" என்று எழுதியிருக்கிறாய். கலா, அது நல்லது இல்லை. அந்த 41 அண்ணனுடைய எண்ணே இல்லை, காய்ச்சலுடைய எண்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார். டோட்டல் கொலஸ்ட்ரால் 104, எல்டிஎல் 41. நீங்கள் இரண்டு பேரும் அதோடு நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வரிகளையும் படி. ஹெச்டிஎல் 21, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 210. உடம்பு நன்றாக இருந்து கொழுப்பு குறைந்தவருக்கு நல்ல கொலஸ்ட்ரால் 21க்கு விழாது, டிரைகிளிசரைடும் இப்படி ஏறி நிற்காது. எல்டிஎல், ஹெச்டிஎல் இரண்டும் சேர்ந்து விழ, டிரைகிளிசரைடு மட்டும் ஏறினால், உள்ளே ஒரு சண்டை நடக்கிறது என்று அர்த்தம். லேபில் இருபது வருஷமாக இந்த ரத்தத்தோடுதான் இருக்கிறேன். ரத்தக் குழாயை மெஷினில் வைத்துச் சுற்றி எடுத்ததும் மேலே நிற்கும் சீரம் தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். டிரைகிளிசரைடு ரொம்ப ஏறியவர்களுக்கு அது கழுநீர் மாதிரி கலங்கி வரும். குழாயை வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்துவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கிருமி வந்ததும் உடம்பு விடும் அழற்சிப் பொருள்கள் கல்லீரலின் வேலையையே மாற்றிவிடுகின்றன. ஹெச்டிஎல் துகளில் இருக்கவேண்டிய புரதத்தைத் தள்ளிவிட்டு அழற்சிக்கால புரதம் ஒன்று வந்து உட்காருகிறது. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை உடைக்கும் நொதி மந்தமாகிறது, அதனால் டிரைகிளிசரைடு தேங்குகிறது. டெங்குவில் இன்னொன்றும் உண்டு. காய்ச்சல் விடுகிற சமயத்தில் ரத்தக்குழாய் கசிகிறது, கொழுப்புத் துகளும் அதோடு வெளியேறலாம். அப்புறம் அந்த வைரஸுக்கே கொழுப்பு வேண்டும், நம் செல்லின் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் அது பெருகுகிறது. டெங்கு டெஸ்ட்டில் நாங்கள் தினமும் கார்டில் கோடு விழுகிறதா என்று பார்க்கும் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் இருக்கிறதே, அது ஆறு துண்டு சேர்ந்த ஒரு பீப்பாய், நடுவில் கொழுப்பை நிரப்பிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது என்று 2011இல் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை ஆயிரம் கார்டு பார்த்திருப்பேன்!

நோய் எவ்வளவு முற்றுகிறதோ அவ்வளவு கொலஸ்ட்ரால் இறங்கும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் டெங்கு வந்த குழந்தைகளிடம் 2002இல் பார்த்தார்கள். 2015இல் நிகராகுவாவிலும் அதே கதை, எல்டிஎல் குறைவாக இருந்த குழந்தைகளுக்கு நோய் கடுமையாகியிருந்தது. கொரோனா சமயத்தில் வூஹானிலும் அப்படித்தான். தேறியவர்களுக்கு எல்டிஎல் மெல்லத் திரும்பி ஏறியது, இறந்தவர்களுக்குக் கடைசிவரை இறங்கிக்கொண்டே போனது. இறங்கியதால் நோய் முற்றியதா, முற்றியதால் இறங்கியதா என்று நீ கேட்பாய். டெங்குவில் பெரும்பகுதி இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். எப்படியானாலும் அது கொண்டாடுகிற எண் இல்லை.

மாத்திரை சாப்பிட்டால் டெங்கு மோசமாகுமோ என்று அண்ணன் பயந்திருந்தால் இதைச் சொல். ஹோ சி மின் நகரத்தில் சுமார் 300 பேரை வைத்து, பாதிப்பேருக்கு லோவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது. டெங்குவுக்கு அதனால் பலனும் இல்லை, கெடுதலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தியதைத் தப்பு என்று சொல்லவில்லை. கல்லீரல் டெஸ்ட்டில் எஸ்ஜிபிடி அவ்வளவு ஏறியிருந்தபோது நிறுத்தி வைத்தது சரிதான். ஆஸ்பிரினை நிறுத்தியதும் சரி, ரத்தம் கசியும் நோய் இது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் எப்போது மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மனுஷர். காய்ச்சலுக்குப் பின்னால் இதயத்துக்கு ஆபத்து கூடவும் செய்யும். கனடாவில் ஒண்டாரியோவில் ஃப்ளூ உறுதியான பிறகு வந்த ஏழு நாளில் மாரடைப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது என்று 2018இல் எழுதினார்கள். டெங்குவும் ஃப்ளூவும் ஒன்றில்லை, ஆனாலும் இந்த நேரத்தில் காவலைக் கழற்றிவைக்கக் கூடாது.

அதனால் காத்திருக்காதே. இந்த வாரமே கல்லீரல் டெஸ்ட்டும் பிளேட்லெட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமே போ. எந்த மாத்திரையை என்றைக்கு ஆரம்பிப்பது என்று அவர் வாயால் கேள், கேட்டு எழுதி வாங்கிக்கொள். நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். கொலஸ்ட்ராலை மட்டும் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, அதே லேபில், வெறும் வயிற்றில் எடு. அப்போது வருவதுதான் அவருடைய எண்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் நர்சிங் இரண்டாம் வருஷம் போய்விட்டாள், ஊசி போட என் கையைத்தான் கேட்கிறாள். மதுரையிலும் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, லேபில் காய்ச்சல் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. உன் வீட்டு மொட்டைமாடியில் அந்தப் பழைய ஆட்டுக்கல் இன்னும் மழையில் கிடக்கிறதா? அதைக் கவிழ்த்துப் போடு முதலில்.

டாக்டர் சொன்னதை அன்றைக்கே போனில் சொல்.

அன்புடன்,
மீனா