பத்துக் கிலோ கணக்கு: குடியிருப்போர் நலச் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் வைக்கவிருக்கும் தீர்மானங்களின் வரைவை லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் படித்தேன். அதில் ஏழாவது தீர்மானம் நாய் வளர்ப்பதைப் பற்றியது. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள நாயை இனி யாரும் வளர்க்கக் கூடாது, ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெருவில் பிறந்த நாட்டு நாய் ஆகியவை எந்த எடையிலும் கூடாது, ‘அடுக்குமாடிக்கு ஏற்ற சிறிய வெளிநாட்டு இனங்கள்’ மட்டும் அனுமதிக்கப்படும் என்று அது சொல்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து, ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தின் தடுப்பூசிகளைக் குளிர்பெட்டியில் சுமந்துகொண்டு வேலூர்ப் பக்கம் குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று அலைந்தவன் என்ற முறையில், இந்தத் தீர்மானம் அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தீர்மானம் எதனால் வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சென்ற மாதம் பி பிளாக்கில் ஒரு லாப்ரடார், கதவு திறந்த வேகத்தில் மாடிப்படியில் பாய்ந்து, பால் வாங்கிக்கொண்டு ஏறிவந்த அம்மையாரைக் கீழே தள்ளிவிட்டது. முழங்காலில் சிராய்ப்போடு போனது நல்லூழ். அந்த நாயின் எடை முப்பத்துநான்கு கிலோ. ஆனால் அன்று அவரைத் தள்ளியது எடை மட்டுமல்ல. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார்கள். அதுவரை நாய் பால்கனியில் அடைபட்டுக் கிடக்கிறது. லாப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் இறங்கி வலை இழுத்தவை. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடவும், முடிந்தால் நீந்தவும் பிறந்த உடம்பு அது. பாலாற்றில் நீந்த விடலாம் என்றால், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு நாமே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். பதினொரு மணி நேரம் சதுர அடிக் கணக்கில் நின்ற நாய் கதவு திறந்ததும் பாயாமல் என்ன செய்யும்? இதே நாய், வீட்டில் எப்போதும் யாராவது இருக்கும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள, காலையும் மாலையும் நடக்கிற குடும்பத்தில் இருந்திருந்தால், நம் வளாகத்திலேயே சாதுவான பிராணி என்று பெயர் வாங்கியிருக்கும். தீனியை மட்டும் அளந்து போட வேண்டும். லாப்ரடாருக்குப் போதும் என்ற சொல் தெரியாது, எடை ஏறினால் இடுப்பு மூட்டு போய்விடும்.

இப்போது, தீர்மானம் கதவைத் திறந்து வரவேற்கும் சிறிய இனங்களுக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஏனெனில் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

2003-ஆம் ஆண்டு ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்த நாள் முதல் என் மகள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பல ஆண்டுகள் தட்டிக்கழித்துவிட்டுக் கடைசியில் வாங்கிக் கொடுத்தேன். அப்போது நாங்கள் சத்துவாச்சாரியில் ஒரு வாடகை வீட்டின் மேல்தளத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருந்தோம். அதன் இரண்டாவது அக்கினி நட்சத்திரத்தில், பிற்பகல் மின்சாரம் நின்றுபோன ஒரு நாள், நான் அணைக்கட்டுப் பக்கம் முகாம் முடித்து வந்து கதவைத் திறந்தபோது, அது குளியலறைத் தரையில் நான்கு கால்களையும் பரப்பி, வயிற்றை ஓட்டில் ஒட்டிக் கிடந்தது. மூச்சு, அரத்தால் இரும்பை ராவுவது போலக் கேட்டது. நாக்கு நாவற்பழ நிறத்தில் இருந்தது. ஈரத் துணியைச் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவமனையில் வெப்பமானி 107 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நாய்க்கு இயல்பான சூடு 101-லிருந்து 102.5 வரைதான். விளக்கு வைக்கும் நேரத்தில் அது இறந்துபோனது. மாட்டுக்கு நிழற்கொட்டகை போடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் வீட்டில் நடந்தது இது.

காரணம் எளிது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாய்க்கும் மூக்குக்கும் உள்ளே காற்றை வேகமாக ஓட்டித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், பிரெஞ்ச் புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களில், மனிதன் அழகுக்காக முகத்தைக் குறுக்கிக்கொண்டே போனதில் அந்தக் காற்றுப்பாதையும் குறுகிவிட்டது. நம் ஊரோ சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் நிற்கும் ஊர். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் வெயிலைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பாறைகள் அதை இரவெல்லாம் திருப்பித் தருகின்றன. இத்தகைய ஊரில் ஏழெட்டுக் கிலோ பக் அடுக்குமாடிக்கு ஏற்றது என்பது, ஏ.சி. எந்நேரமும் ஓடும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடும் உள்ள வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று இனப்பெருக்கத்துக்கு விலக்கப்பட்ட வெளிநாட்டு இனங்களின் வரிசையில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றோடு பக்கும் இருக்கிறது. அரசு வேண்டாம் என்றதை நம் சங்கம் தேடிப்பிடித்து வரவேற்கிறது. ஹஸ்கியைப் பற்றி நான் தனியாக எழுதவில்லை. பனியில் வண்டி இழுக்க ஈரடுக்கு ரோமத்தோடு பிறந்த பிராணியைக் காட்பாடிக்குக் கொண்டுவருபவர் அதன் நீலக் கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

மற்றச் சிறிய இனங்களும் சும்மா வருவதில்லை. டாஷண்ட், ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வளைக்கரடியைப் பிடிப்பதற்காக நீட்டிக் குட்டையாக்கப்பட்ட நாய். அதன் முதுகெலும்பு வட்டு எளிதில் பிதுங்கும், பின்னங்கால்கள் விழுந்துவிடும். லிஃப்ட் பழுதானால் மூன்று நாள் ஆகும் நம் வளாகத்தில், நான்காவது மாடிக்காரர் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்க வேண்டும். பீகிள் பத்துக் கிலோவை ஒட்டி நிற்கும், பார்க்கப் பொம்மை போல இருக்கும். ஆனால் அது மோப்பம் பிடித்துக் கூட்டமாக வேட்டையாடியது. தனியே விட்டால் ஊளையிடும், அந்த ஊளை இரண்டு பிளாக்குக்குக் கேட்கும். நாம் பொமரேனியன் என்று அழைப்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். நம் வெயிலை ஓரளவு பழகிக்கொண்டது, வயதானவர்களுக்கு நல்ல துணை, குறைந்த நடையே போதும். ஆனால் அழைப்புமணி அடித்தால் வாயை மூடாது. அலுவலகப் புகார்ப் புத்தகத்தைச் செயலாளர் ஐயா ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும்: இரைச்சலைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை பெரிய நாய்களைப் பற்றியவை அல்ல.

பெரிய நாய் எல்லாம் இங்கே வரலாம் என்று நான் வாதாடவில்லை. 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறியதை நாம் மறக்கவில்லை. ராட்வீலர் கால்நடைகளை ஓட்டவும் காக்கவும் வளர்த்த இனம். டோபர்மேன், ஜெர்மனியில் வரி வசூலித்த ஒருவர் தம் பாதுகாப்புக்காக உருவாக்கியது என்பார்கள். வரி வசூலிப்பவருக்கு எப்படிப்பட்ட நாய் தேவைப்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நாம் அல்சேஷன் என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டு ஆடு மேய்த்தது. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் அதைப் போல ஒன்று கிடையாது, வேலை இல்லாவிட்டால் தானே வேலை உண்டாக்கிக்கொள்ளும். இவற்றை முன்னமே நாய் வளர்த்துப் பழகிய, குட்டியிலிருந்தே பயிற்சி தரவும் சங்கிலியைப் பிடித்து நிறுத்தவும் முடிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். எழுபது வயதுப் பெரியவர் இருவர் மட்டும் உள்ள வீட்டில், ‘காவலுக்கு’ என்று மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ராட்வீலர் வாங்கித் தருவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே காவல் தேவைப்படுவது அந்தப் பெரியவர்களுக்குத்தான், நாயிடமிருந்து.

நம் மண்ணின் இனங்களைப் பற்றித் தீர்மானம் பாதி சரி, பாதி தவறு. ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு காற்றாய் விரட்டும் ஓட்டக்கார நாய்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்குப் பேர்போனது. பெருமைதான். ஆனால் இவை காம்பவுண்டுச் சுவரும் தோட்டமும் உள்ள வீட்டுக்கு, அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கத்துக் கழனிக்கு உரியவை. ராஜபாளையம் ஒருவரையே எசமானாக ஏற்கும், புதியவரைச் சேர்க்காது. நாளுக்கு நூறு பேர் குறுக்கே வரும் நடைபாதையில் அது நிம்மதியாக இருக்காது. வாங்குபவர் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கவும் வேண்டும். அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு.

தவறான பாதி, தெருவில் பிறந்த நாட்டு நாயைச் சேர்த்துக்கொண்டது. குட்டை ரோமம், நீண்ட மூக்கு, ஒடுங்கிய வயிறு. இந்த வெயிலுக்கென்றே வார்த்த உடம்பு. சோறும் முட்டையும் போட்டு, ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், உண்ணிக்கு மருந்தும் கொடுத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு கூட இருக்கும். முதன்முதலாக நாய் வளர்க்கும், மிதமான வருமானமுள்ள வேலூர்க் குடும்பத்துக்கு நான் சொல்லும் முதல் நாய் இதுதான். நம் வாயிலில் காவலாளியின் நாற்காலிக்குக் கீழே படுத்திருக்கும் நாட்டு நாய் மணி, இந்தத் தீர்மானத்தின்படி வெளியேற்றப்பட வேண்டியது. பழைய வடாற்காட்டில் அடங்கியிருந்து, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் விழுந்த வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எடை எவ்வளவு என்று எழுதவில்லை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுக்குழுவில் பெரும்பான்மை வாக்கு கிடைத்தாலும், வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கவோ, இனத்தையோ அளவையோ காட்டி மறுக்கவோ குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மறுபக்கம், நாயை வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்து, போதிய நடமாட்டம் தராமலிருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே பி பிளாக் பால்கனி நம் கவலைக்கு உரியதுதான். நாம் அதை வேறு வழியில் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக நான் வேண்டுவது, நாய் வாங்க நினைக்கும் வீட்டாரை, வாங்குவதற்கு முன்பே ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசும் ஏற்பாடு. நாளுக்கு எத்தனை மணி நேரம் அது தனியே இருக்கும்? மே மாதத்தில் மின்சாரம் போனால் எங்கே படுக்கும்? விடியற்காலை யார் நடத்திச் செல்வார், அவரால் அதைப் பிடித்து நிறுத்த முடியுமா? மாற்றல் வந்தால் நாய் யாரோடு போகும்? கடைசிக் கேள்வியை நம் ஊரில் அழுத்திக் கேட்க வேண்டும். வாடகைக்கு வரும் மாணவர்கள் ஆசையாய்க் குட்டி வாங்குகிறார்கள். படிப்பு நான்கு ஆண்டு, நாய் பன்னிரண்டு ஆண்டு. மீதி எட்டு ஆண்டைக் கழிக்கும் கோல்டன் ரெட்ரீவர்களைக் காட்பாடிச் சாலையோரம், சடைபிடித்த ரோமத்தில் உண்ணியோடு, நானே கண்டிருக்கிறேன். எங்கே வாங்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அட்டைப் பெட்டியில் முப்பது நாள் குட்டியை வைத்து விற்பவரிடம் வாங்கினால், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஒரு வாரத்தில் இரத்தமாய்க் கழிந்து போகிற குட்டிக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

அந்த ஒரு மணி நேரத்தை ஊதியமின்றித் தர நான் அணியமாக இருக்கிறேன். ஞாயிறு காலை தரைத்தள அறையில் ஒரு மேசை போதும். நடைபாதையில் சங்கிலி கட்டாயம், அசுத்தத்தை வளர்ப்பவரே அள்ள வேண்டும், தடுப்பூசிச் சான்று அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் தீர்மானமாக்குங்கள். முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். எண் ஏழை மட்டும் நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டுகிறேன்.

பி பிளாக் தம்பதியரிடம் பேசிவிட்டேன். கீழே விழுந்த அம்மையாரிடம் அவர்கள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் அந்த லாப்ரடாரைக் காலையில் நான் நடத்திச் செல்கிறேன். எருது பிடித்த கை, இன்னும் கொஞ்சம் பலம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டுமென்றால் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். பின்வாயிலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். அதை ஐந்தரைக்கே திறக்கக் காவலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஏ பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
காட்பாடி.